பாதி விலைக்கு வந்த பிட்காயின் இன்னும் எவ்வளவு இறங்கும்?



நமது வியாபாரத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு சரக்கைப் பற்றி இந்த இதழில் எழுத நேர்ந்திருக்கிறது. கிரிப்டோ நாணயம் என்றும் பிட்காயின் என்றும் சொல்கிறார்களே, அதுதான். சம்பந்தமில்லை என்று இனியும் ஒதுக்கிவிட முடியாது. ராத்திரி கடையடைத்துக் கல்லாவை எண்ணி முடித்ததும் கைபேசியை எடுத்து அதன் விலையைப் பார்க்கும் கடைக்காரர்கள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள். பையன் வாங்கி வைத்திருப்பது அப்பாவுக்குத் தெரியாத வீடுகள் தனிக் கணக்கு.

என்னிடம் பல வருடமாகச் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர். கணக்கில் சுத்தமானவர். 2022 ஜனவரி கடைசியில் பொங்கல் வியாபாரப் பணம் கையில் நின்றது. வெல்லத்துக்கும் பருப்புக்கும் பில் கட்ட வேண்டிய பணம் அது. அதில் நாலு லட்சத்தை எடுத்து பிட்காயின் வாங்கிவிட்டார். நான் கேட்டபோது அவர் சொன்னது: "அண்ணாச்சி, ரெண்டு மாசத்துக்கு முந்தி அறுபத்தொன்பதாயிரம் டாலர் வித்த சரக்கு. இப்ப பாதி விலை. இனி எங்க இறங்கப் போவுது?"

எனக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. நானும் மண்டியில் பாதி விலைக்கு வந்த மிளகாயை வாங்கி லாபம் பார்த்தவன்தானே. அந்த வருடம் நவம்பரில் தீபாவளிச் சரக்கு பாக்கிகள் நெருக்கியபோது அவர் வேறு வழியின்றி விற்றார். கைக்கு வந்தது இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. டாலர் கணக்கில் பார்த்தால் இறக்கம் சுமார் 55 சதவீதம். இடையில் டாலர் மதிப்பு 75 ரூபாய்க்குள் இருந்தது 81 ரூபாய்க்கு மேல் போனதால் நம் ரூபாயில் நஷ்டம் கொஞ்சம் குறைந்தது. அவ்வளவே.

"இனி எங்கே இறங்கும்" என்ற அந்தக் கேள்விக்குப் பழைய விலைகளை வைத்து ஒரு பதில் சொல்ல முடியும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. சதவீதக் கணக்குத் தெரிந்தால் போதும்.

முதலில் சரக்கைப் பற்றி இரண்டு வார்த்தை. 2008-ல் சதோஷி நாகமோட்டோ என்ற பெயரில் ஒருவரோ சிலரோ எழுதிய திட்டம் இது. 2009 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எந்த அரசும் வெளியிடுவதில்லை, எந்த வங்கியும் பொறுப்பு ஏற்பதில்லை. உலகெங்கும் உள்ள கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு பொதுப் பேரேட்டில் யாருக்கு எவ்வளவு என்று பதிவாகிறது. அந்தப் பேரேட்டைச் சரிபார்க்கும் வேலைக்குக் கூலியாகப் புதுக் காசுகள் கிடைக்கின்றன. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் வராது என்பது ஏற்பாடு. இந்தக் கூலி நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 2012, 2016, 2020, 2024 என்று இதுவரை நான்கு முறை குறைந்துவிட்டது. 2024 ஏப்ரலுக்குப் பிறகு நாள் ஒன்றுக்குச் சந்தைக்கு வரும் புது வரத்து ஏறக்குறைய 450 காசுதான்.

இனி விலைக்கு வருவோம். பெரிய ஏற்றம் முடிந்து உச்சியிலிருந்து அடிமட்டம் வரை எவ்வளவு இறங்கியது என்பதைச் சிட்டை எழுதுவது போல எழுதிப் பார்த்தேன். விலைகள் டாலரில். சந்தைக்குச் சந்தை கொஞ்சம் வித்தியாசம் இருக்கும் என்பதால் முழு எண்ணாகத் தருகிறேன்.

2011 ஜூனில் 32. அதே ஆண்டு நவம்பரில் 2. இறக்கம் 94 சதவீதம்.
2013 கடைசியில் 1,150. 2015 ஜனவரியில் 170. இறக்கம் 85 சதவீதம்.
2017 டிசம்பரில் 19,700. 2018 டிசம்பரில் 3,200. இறக்கம் 84 சதவீதம்.
2021 நவம்பரில் 69,000. 2022 நவம்பரில் 15,500. இறக்கம் 77 சதவீதத்துக்குச் சற்று மேல்.

நான்கு முறையும் முக்கால் பங்குக்கு மேல் போயிருக்கிறது. முதல் தடவை நீங்கலாக மற்ற மூன்று தடவையும் உச்சியிலிருந்து அடிக்கு வர ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்திருக்கிறது. ஒரே நாளில் விழுந்திருந்தால் எல்லோருக்கும் புரிந்திருக்கும். வருடம் முழுக்க இறங்கியும், இடையிடையே இருபது முப்பது சதவீதம் ஏறியும் காட்டுவதால்தான், "இதோ திரும்பிவிட்டது" என்று நினைத்து நடுவழியில் வாங்குகிறார்கள்.

நம் கடைக்காரர் செய்த தவறு இந்த நடுவழியில்தான் இருக்கிறது. அவர் வாங்கிய விலை, உச்சியில் பாதி. அதாவது 100 ரூபாய்ச் சரக்கு 50 ரூபாய்க்கு வந்திருக்கிறது. பழைய வழக்கப்படி அது 23 ரூபாய் வரை போகும் என்றால், 50 கொடுத்தவருக்கு இன்னும் 27 ரூபாய் நஷ்டம் பாக்கி இருக்கிறது. போட்ட முதலில் அது 54 சதவீதம். உச்சியில் வாங்கியவருக்கு 77 சதவீதம் நஷ்டம், பாதி விலையில் வாங்கியவருக்கு 54 சதவீதம். "பாதிக்கு வாங்கினேன், ஆகையால் பத்திரம்" என்பதற்கு இதில் இடமில்லை.

இதையே சூத்திரமாக வைத்துக்கொள்ளலாம். கடைசியாகத் தொட்ட உச்ச விலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 அக்டோபரில் அது சுமார் 1,26,000 டாலர். அதன்பின் இறங்கி நவம்பரில் 90,000-க்குக் கீழே போனது. சென்ற தடவை போலவே 77 சதவீதம் இறங்கினால் அடிமட்டம் சுமார் 29,000. இதை 90,000-ல் வாங்கியவருக்கு அந்த அடிமட்டத்தில் நஷ்டம் 68 சதவீதம். 63,000-ல் வாங்கியவருக்கு 54 சதவீதம். நீங்கள் இதைப் படிக்கும் நாளில் என்ன விலையோ அதை எழுதிக்கொண்டு, 29,000-ஐ அதனால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்துப் பாருங்கள். 1,26,000-ஐ விட உயர்ந்த விலை அதற்குள் வந்திருந்தால் அந்த விலையில் 23 சதவீதத்தை அடிமட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். 29,000-க்கு வந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. வந்தால் நம் கையில் எவ்வளவு மிஞ்சும் என்பதை வாங்குமுன் தெரிந்துகொள்வதற்கே இந்தக் கணக்கு.

"94, 85, 84, 77 என்று ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டுதானே வருகிறது, அடுத்தது அறுபதோடு நின்றுவிடும்" என்று ஒரு நண்பர் வாதிட்டார். இருக்கலாம். சந்தை பெரிதாகியிருக்கிறது, 2024 ஜனவரியில் அமெரிக்காவில் பங்குச்சந்தை வழியாகவே பிட்காயின் முதலீட்டுத் திட்டங்களுக்கு அனுமதி கிடைத்து நிறுவனப் பணமும் உள்ளே வந்திருக்கிறது. 60 சதவீதத்தோடு நின்றால் அடிமட்டம் 50,000 டாலர் அளவில் இருக்கும். ஆனால் நாம் பார்ப்பது நான்கே நான்கு தடவை. நான்கு பருவ மழையைப் பார்த்துவிட்டு ஐந்தாவது பருவத்துக்கு யாராவது கிட்டங்கி நிறையச் சரக்கு போடுவார்களா?

நான்கு வருடச் சுற்று என்று சொல்லப்படுவதற்கும் இதே குறைதான். கூலி பாதியான மறுவருடக் கடைசியில் உச்சி, அதற்கடுத்த வருடம் இறக்கம் என்கிறார்கள். 2013, 2017, 2021, 2025 என்று உச்சிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். ஆனால் 2020, 2021-ல் உலகெங்கும் வட்டி ஏறக்குறைய இல்லாமல் பணம் புழங்கியது. 2022-ல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை மளமளவென்று ஏற்றியது, பங்குகளும் சேர்ந்து விழுந்தன. இறக்கத்துக்குக் காரணம் நாலு வருடச் சுற்றா, வட்டியா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மேலும் 2024-ல் கூலி பாதியாவதற்கு முன்னாலேயே, மார்ச்சிலேயே, பழைய உச்சியைத் தாண்டிவிட்டது. அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. ஆகவே எவ்வளவு ஆழம் இறங்கக்கூடும் என்பதற்கு இந்தச் சுற்றுகளைப் பயன்படுத்தலாம். எந்த மாதம் வாங்குவது, எந்த மாதம் விற்பது என்பதற்கு இவை ஆகா என்பது என் அபிப்பிராயம்.

மண்டி அனுபவம் உள்ள நம்மவர்கள் ஏமாறும் இடம் இன்னொன்று உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். 2010-ல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியது. 2012-ல் 4,000 ரூபாய் அளவுக்கு வந்தது. இதுவும் எழுபது சதவீதத்துக்கு மேற்பட்ட இறக்கம்தான், எத்தனையோ பேர் நொடித்தார்கள். ஆனால் மஞ்சளுக்குக் கீழே ஒரு தரை உண்டு. விலை படுத்துவிட்டால் விவசாயி அடுத்த பட்டத்தில் நடவைக் குறைப்பார். வரத்து குறையும். சமையலுக்கு மஞ்சள் வேண்டாம் என்று எந்த வீட்டிலும் சொல்லப் போவதில்லை. மசாலா மில்லுக்காரர் விலை குறைவு என்று கூடுதலாகவே வாங்கி வைப்பார். இந்த மூன்றும் சேர்ந்து ஒரு நாள் விலையைத் தூக்கிவிடும். ஒன்றுமே ஆகாவிட்டாலும் மூட்டையைப் பிரித்துக் கடையிலேயே கிலோக் கணக்கில் விற்று முடிக்கலாம்.

பிட்காயினில் இந்த மூன்றும் இல்லை. விலை எவ்வளவு இறங்கினாலும் நாள் வரத்து 450 காசு 450 காசாகவே வந்துகொண்டிருக்கும். விலை கட்டுபடியாகாமல் சிலர் கணினியை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வேலையின் கடினம் தானாகக் குறைந்து, மிச்சம் இருப்பவர்களுக்கு அதே வரத்து கிடைக்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் "உற்பத்திச் செலவுக்குக் கீழே விலை போகாது" என்று சிலர் சொல்வது இதனால் பொருந்தாமல் போகிறது. விலை இறங்கினால் அதிகச் செலவுக்காரர் விலகுவார், உற்பத்திச் செலவும் கூடவே இறங்கும். வாங்குவோர் பக்கத்தையும் பார்த்தால், தினசரி உபயோகத்துக்கு என்று கட்டாயம் வாங்க வேண்டியவர் யாரும் இல்லை. நாளை கூடுதல் விலைக்கு இன்னொருவர் வாங்குவார் என்ற நம்பிக்கையில் வாங்குபவர்களே பெரும்பாலோர். அந்த நம்பிக்கை எந்த விலையில் திரும்பி வரும் என்பதற்கு அடக்க விலை போட முடியாது.

இதனால் இறங்க இறங்க வாங்கிச் சராசரியைக் குறைக்கும் நம் பழக்கமும் இங்கே வேறு மாதிரி முடிகிறது. ஒருவர் 69,000-ல் ஒரு லட்சத்துக்கும், 46,000-ல் ஒரு லட்சத்துக்கும், 34,500-ல் ஒரு லட்சத்துக்கும் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சராசரி விலை 46,000 ஆகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. 15,500-க்கு வந்த அன்று அவருடைய மூன்று லட்சத்தில் மிச்சம் ஏறக்குறைய ஒரு லட்சம் (டாலர் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தால்). அசலைப் பார்க்க 2024 தொடக்கம் வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது.

காத்திருப்புதான் கடைக்காரருக்குப் பெரிய செலவு. "கடைசியில் ஏறிவிட்டதே" என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2013 உச்சி விலையை மறுபடி பார்க்க 2017 ஆயிற்று. 2017 உச்சிக்கு 2020 டிசம்பர் வரை மூன்று வருடம். 2021 உச்சிக்கு 2024 மார்ச் வரை இரண்டு வருடம் நாலு மாதம். இறங்கியது 80 சதவீதம் என்றால் அசலுக்கு வர 80 சதவீதம் ஏறினால் போதாது, ஐந்து மடங்காக வேண்டும். 50 சதவீதம் இறங்கினால் இரண்டு மடங்கு. 90 சதவீதம் என்றால் பத்து மடங்கு. அதற்கு வருடங்கள் ஆகத்தான் செய்யும்.

நம் நடப்பு முதலுக்கு அத்தனை நாள் பொறுமை கிடையாது. பதினைந்து நாள் தவணை, மிஞ்சினால் ஒரு மாதம். கடன் வாங்கிப் போட்டவர் கதையைப் பாருங்கள். ஒன்றரை வட்டிக்கு எடுத்தவருக்கு 28 மாதத்தில் வட்டி மட்டும் நூற்றுக்கு 42. போட்ட விலைக்கே திரும்பி வந்தாலும் 42 ரூபாய் கைநஷ்டம். நான் சொன்ன கடைக்காரரும் விற்காமல் வைத்திருந்தால் 2024-ல் நாலு லட்சம் எட்டு லட்சமாகியிருக்கும். அவருக்கே அது தெரியும், இப்போதும் சொல்லிக் காட்டுவார். ஆனால் அந்த நாலு லட்சம் அவருடைய பணமா என்ன? பாதி எனக்குச் சேர வேண்டியது, மீதி இன்னொரு மொத்தக் கடைக்கு. முன் பில்லைப் பின் சரக்கு விற்று அடைத்து, எட்டு ஒன்பது மாதம் ஓட்டினார். தீபாவளிக்கு ரொட்டேஷன் நின்றுபோயிற்று. அடிமட்டத்தில் விற்பவர்கள் எல்லோரும் அறிவில்லாமல் விற்பதில்லை. பாக்கிக்காரன் வந்து நிற்பதால் விற்கிறார்கள். அந்த நவம்பரில் வந்து நின்ற பாக்கிக்காரர்களில் நானும் ஒருவன்.

இதுவரை சொன்னது பிட்காயினுக்கு மட்டும். மற்றக் காசுகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டாம். இரண்டாம் இடத்தில் உள்ள ஈதர், 2018 ஜனவரியில் 1,400 டாலர் விற்றது. அந்த டிசம்பரில் 85 டாலர். இறக்கம் 94 சதவீதம். அது பிழைத்து எழுந்தது. லூனா என்று ஒன்று இருந்தது. 2022 மே முதல் வாரத்தில் 80 டாலர் அளவில் விற்ற சரக்கு, பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு சென்ட்டுக்கும் கீழே போய்விட்டது. பழைய விலை வரைபடங்களைப் பார்த்து "எல்லாம் விழுந்து எழுந்திருக்கிறது" என்று சொல்பவர்கள், எழுந்த காசுகளின் வரைபடத்தைத்தான் பார்க்கிறார்கள். எழாதவற்றை யார் சுவரில் மாட்டி வைக்கிறார்கள்? ஆகவே பிட்காயின் என்றால் 80 சதவீதம் போகக்கூடும் என்றும், மற்றவை என்றால் முழுதும் போகக்கூடும் என்றும் வைத்துக் கணக்குப் போடுவதே முறை.

காசு விலை சரியாக இருந்தும் பணம் போகும் வழியும் உண்டு. வாங்கிய காசைப் பரிமாற்ற நிலையத்திலேயே விட்டு வைப்பது நம் சரக்கை அடுத்தவர் கிட்டங்கியில் ரசீது மட்டும் வாங்கிக்கொண்டு போட்டு வைப்பது போன்றது. 2014-ல் ஜப்பானில் மவுண்ட் காக்ஸ், 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ் என்று பெரிய நிலையங்களே திவாலாகின. 2024 ஜூலையில் இந்திய நிலையமான வாசிர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காசுகள் திருடு போயின. விலை எவ்வளவு இறங்கும் என்ற கணக்கில் இந்த நஷ்டம் வராது. தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஒரு கடைக்காரர் எவ்வளவு போடலாம்? நான் பின்னாலிருந்து கணக்குப் போடுகிறேன். முழுதும் போனாலும் ஒரு பில்லும் தவணை தவறாமல், வீட்டுச் செலவும் குறையாமல் இருக்கும் தொகை எது? ஒருவருக்கு அது 30,000 ரூபாய் என்றால், 80 சதவீத இறக்கக் கணக்குப்படி 37,500 வரை போடலாம் என்று வரும். நான் அந்த 7,500-க்கு ஆசைப்பட மாட்டேன், 30,000-த்தோடு நிறுத்துவேன். அதுவும் ஐந்து வருடம் தொடாத பணமாக இருக்க வேண்டும். கடை நடப்புக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூட அந்தப் பக்கம் போகக் கூடாது. போனால் மாதக் கடைசியில் எது சரக்குப் பணம், எது சூதுப் பணம் என்று தெரியாமல் போய்விடும். நான் சூது என்றதும் என் மகனுக்குக் கோபம் வருகிறது. ஆனால் அவனும் சொந்தச் சம்பளத்தில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போடுவதில்லை.

வரி விஷயம் பலருக்குத் தெரியவில்லை. இந்தியாவில் 2022 ஏப்ரல் 1 முதல் இதில் வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி, மேல்வரி தனி. வாங்கிய விலையை மட்டுமே கழிக்கலாம். கடன் வட்டி, கமிஷன் எதையும் கழிக்க முடியாது. நஷ்டம் வந்தால் அதைக் கடை லாபத்தில் கழிக்க முடியாது, இன்னொரு காசில் வந்த லாபத்திலும் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஒன்றில் ஒரு லட்சம் லாபமும் மற்றொன்றில் ஒரு லட்சம் நஷ்டமும் வந்தால் நம் பேரேட்டில் சுழி. வருமான வரிக்காரர் கணக்கில் ஒரு லட்சம் லாபம், முப்பதாயிரத்துக்கு மேல் வரி. நம் கடைக்காரருக்கும் அந்த இரண்டு லட்ச நஷ்டம் எதிலும் கழியவில்லை. அந்த வருடக் கடை லாபத்துக்கு அவர் முழு வரியும் கட்டினார்.

2022 ஜூலை 1 முதல் விற்கும்போது 1 சதவீதம் பிடித்தமும் உண்டு. அதை ஆண்டுக் கணக்குத் தாக்கலில் வரவு வைத்துக்கொள்ளலாம். படிவத்தில் இதற்குத் தனி அட்டவணையே இருக்கிறது. ஏற்கெனவே வாங்கியிருப்பவர்கள், வாங்கிய தேதி, விலை, விற்ற தேதி, பிடித்தம் நான்கையும் நிலையத்தின் கணக்கிலிருந்து தாளில் எடுத்து ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். பையன் பெயரில் வாங்கியிருந்தால் பையனுடைய கணக்கில் காட்ட வேண்டும். பணம் கடையிலிருந்து போயிருந்தால் அதையும் ஆடிட்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.